எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ், ஆனால் எனக்கு ஒரு வலியும் இல்லை. பயப்பட வேண்டுமா?

காலைநடை · திங்கள், இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 29 வயது. நான்கு வருடமாக இடுப்பு வலி. காலையில் எழுந்ததும் முக்கால் மணி நேரம் கட்டை மாதிரி கிடப்பான். வெந்நீரில் குளித்து, நாலு தெரு நடந்தால்தான் உடம்பு வழிக்கு வரும். பைக் ஓட்டுவதால் வருகிறது, மெத்தை சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்லியே மூன்று வருடம் ஓடிவிட்டது. போன மாதம் ஒரு மூட்டுவாத நிபுணர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு அழற்சி நோய் என்றார். ரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு வடிவம் பாசிட்டிவ்.

அதோடு விட்டிருக்கலாம். நான் சும்மா இருக்காமல் எனக்கும் எடுத்துப் பார்த்தேன். யாரும் எழுதித்தரவில்லை, நானாகவே லேப்புக்குப் போனேன். பாசிட்டிவ். அதுவும் தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு. எனக்கு 38 வயது. முதுகுவலி என்று ஒருநாள்கூடப் படுத்ததில்லை.

இரண்டே கேள்விகள். ஒரே மரபணு இருந்தும் அவன் படுக்கிறான், நான் நடக்கிறேன், எப்படி? என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டுமா? வீட்டில் மாமியார் ஏற்கெனவே "உங்க பரம்பரை நோய்" என்று ஆரம்பித்துவிட்டார்.

சந்தேகசாமி · திங்கள், இரவு 10.05

பாசிட்டிவ் என்றால் வியாதி என்று அர்த்தமில்லை, வியாபாரம் என்று அர்த்தம். எனக்கும்தான் காலையில் முதுகு பிடிக்கிறது. அதற்காக மரபணுவைத் தேடிப் போகிறேனா? நம் பாட்டன் காலத்தில் இந்தப் பெயரை யாராவது கேட்டதுண்டா? கேழ்வரகு சாப்பிடுங்கள், வெயிலில் நில்லுங்கள், எல்லாம் சரியாகும்.

லேப்காரன் · திங்கள், இரவு 10.31

வியாபாரம் என்றதும் என் தலையைத்தான் எல்லோரும் தேடுவார்கள், அதனால் நானே வந்துவிட்டேன்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் ரிப்போர்ட்டில் முறை என்ற வரியைப் பாருங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரியா, பி.சி.ஆர். முறையா? ஃப்ளோவில் ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தோடு ஒளிரும் ஆன்டிபாடியைக் கலந்து, அது வெள்ளணுக்களின் மேல் ஒட்டுகிறதா என்று பார்ப்போம். சிலருக்கு பி27 இல்லாமல் பி7 என்ற அதன் பங்காளி இருக்கும். ஆன்டிபாடி ஆள் மாறி அதன்மேலும் லேசாக ஒட்டிக்கொள்ளும். எல்லைக்கோட்டில் வந்தால் நாங்கள் பி.சி.ஆரில் உறுதி செய்வோம். அதைச் செய்யாமல் அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு.

தடித்த எழுத்துக்கு அர்த்தம் ஒன்றுமில்லை. மென்பொருளில் "நெகட்டிவ் அல்லாதவை எல்லாம் தடித்த எழுத்து" என்று யாரோ வைத்துவிட்டுப் போனது.

காலைநடை · திங்கள், இரவு 10.44

பி.சி.ஆர். என்றுதான் போட்டிருக்கிறது. சரி, அந்த வழியும் அடைபட்டது.

நுண்ணோக்கி · செவ்வாய், காலை 6.15

நான் மருத்துவர் இல்லை. டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களோடு பதினோரு வருடமாகக் குடித்தனம் நடத்தும் ஆராய்ச்சிக்காரி. சிகிச்சை பற்றிப் பேச மாட்டேன், மரபணு பற்றிப் பேசுகிறேன்.

1973-ல் லண்டனில் ஒரு குழு இந்த நோய் உள்ள 75 பேரைச் சோதித்தது. 72 பேருக்கு பி27 இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட நோயில்லாத 75 பேரில் அது இருந்தது 3 பேருக்குத்தான். அதே வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு குழுவும் இதையே கண்டது. ஒரு மரபணு வடிவமும் ஒரு நோயும் இவ்வளவு இறுக்கமாகக் கைகோத்து நிற்பது அபூர்வம். அதனால்தான் உங்கள் தம்பிக்கு அந்தச் சோதனையை எழுதினார்கள்.

இப்போது இதையே திருப்பிப் பாருங்கள். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு பி27 உண்டு. ஆனால் பி27 உள்ளவர்களில் நோய் வருவது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ இருந்தால் அது பத்து, இருபது என்று ஏறும். நீங்கள் அந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறீர்கள். பெரும்பாலும் 45 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும் நோய் இது, உங்களுக்கு 38. ஆக, மிச்சமிருப்பது பெரிய ஆபத்து இல்லை, பூஜ்யமும் இல்லை.

பழையபாடம் · செவ்வாய், காலை 7.20

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் நான். நுண்ணோக்கி அம்மா, எண்ணிக்கை புரிகிறது. ஆனால் அந்த பி27 செல்லில் என்ன வேலை பார்க்கிறது என்று சொல்லாமல் விட்டால் எப்படி? இது ரத்த வகை மாதிரி ஒரு முத்திரையா, இல்லை அது ஏதாவது செய்கிறதா?

நுண்ணோக்கி · செவ்வாய், காலை 8.02

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் ஐயா.

தியேட்டர் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்களே, அதுதான் இங்கேயும். உடம்பின் அநேகமாக எல்லா செல்களும் தமக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டுதுண்டாக வெட்டி, அந்தத் துணுக்குகளைத் தம் வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏந்தும் கைதான் எச்.எல்.ஏ. சோதனைக்காரர் டி செல். துணுக்கு வீட்டுச் சரக்கு என்றால் போய்விடுவார், வைரஸ் சரக்கு என்றால் அந்த செல்லையே கொன்றுவிடுவார்.

கைகள் எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் இருக்கின்றன. மனித மரபணுக்களில் இவ்வளவு வகைவகையாக மாறியவை வேறில்லை, பி மரபணுவுக்கு மட்டுமே ஆயிரக்கணக்கான வடிவங்கள். வேறுபாடு பெரும்பாலும் துணுக்கு உட்காரும் குழியில்தான். பி27-ன் குழிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: துணுக்கின் இரண்டாவது அமினோ அமிலம் அர்ஜினினாக இருக்க வேண்டும். ஆக, ஒரே வைரஸ் நுழைந்தாலும் உங்கள் செல் காட்டுகிற துணுக்கு வேறு, என் செல் காட்டுவது வேறு. காவலுக்கு வரும் டி செல்லுக்குக் கண்ணில் படுவதே வேறு.

முத்திரையா வேலையா என்று கேட்டீர்கள். சார்டினியா தீவில் பி*27:09 என்று ஒரு வடிவம் உண்டு. முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் 116-ம் இடத்தில் உள்ள ஒன்றே ஒன்றுதான் வழக்கமான பி*27:05-இலிருந்து மாறியிருக்கிறது. அந்த இடம் குழியின் தரையில் இருக்கிறது. 05 வைத்திருப்பவர்களுக்கு நோய் வருகிறது, 09 வைத்திருப்பவர்களுக்கு அநேகமாக வருவதில்லை. வெறும் முத்திரையாக இருந்தால் ஓர் அமினோ அமிலத்துக்கு இந்தப் பாடு இருக்காது.

வன்னிப்பறவை · செவ்வாய், மாலை 4.50

லண்டனில் இருந்து எழுதுகிறேன். வாசிக்க நல்லாயிருக்கு, ஆனால் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கு! நாங்கள் பள்ளிக்கூடத்தில் செல் என்று படிக்கவில்லை, கலம். மரபணு பரம்பரையலகு. நோய் எதிர்ப்புச் சக்தி நிர்ப்பீடனம்.

என்ர அக்காவுக்கு லூபஸ், நிர்ப்பீடனம் சொந்த உடம்பையே தாக்கும் நோய். அவவுக்கு வந்தது எனக்கு ஏன் வரேல்ல என்று நானும் இருபது வருஷமாகக் கேட்கிறேன். அதனால் இந்த இழையை விடப்போவதில்லை.

பழையபாடம் · செவ்வாய், மாலை 5.30

நிர்ப்பீடனம்! பீடை இல்லாத நிலை. நம் பாடநூலைவிட உங்கள் சொல் அழகாக இருக்கிறது.

சந்தேகசாமி · செவ்வாய், இரவு 9.12

> வெறும் முத்திரையாக இருந்தால் ஓர் அமினோ அமிலத்துக்கு இந்தப் பாடு இருக்காது

எல்லாம் சரி, ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லையே. அண்ணனும் தம்பியும் ஒரே பி27. கை ஒன்று, குழி ஒன்று. அண்ணன் ஏன் நன்றாக இருக்கிறார்? அப்போது மரபணு காரணமில்லை, சாப்பாடும் சூழலும்தான் காரணம் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

2006-ல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் தெருவே நொண்டியது. ஒருவருக்குப் பத்து நாளில் சரியானது, பக்கத்து வீட்டு அம்மா இரண்டு வருடம் சுவரைப் பிடித்து நடந்தார். ஒரே கொசு, ஒரே வைரஸ். அதற்கும் மரபணு என்பீர்களா?

நுண்ணோக்கி · செவ்வாய், இரவு 10.40

சிக்குன்குனியாவுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன், உங்கள் தெருவில் யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பி27-க்கு அப்படிப் பார்த்த கதை ஒன்று உண்டு.

1962-ல் ஓர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் சீதபேதி. பிக்னிக் சாப்பாட்டில் ஷிகெல்லா கிருமி. கப்பலில் இருந்த 1,276 பேரில் 602 பேர் படுத்துவிட்டார்கள். பேதி நின்றது, எல்லோரும் எழுந்தார்கள். ஒன்பது பேருக்கு மட்டும் சில வாரங்களில் மூட்டு வீக்கம், கண் சிவப்பு, சிறுநீர் எரிச்சல். பதினைந்து வருடத்துக்குள் அந்த ஒன்பது பேரில் ஐவரை மறுபடி தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். நால்வருக்கு பி27.

சந்தேகசாமி சார், இதில் உங்கள் பங்கும் இருக்கிறது, என் பங்கும் இருக்கிறது. கிருமி இல்லாவிட்டால் அந்த நால்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பி27 இல்லாத நூற்றுக்கணக்கான பேருக்கு அதே கிருமி வெறும் பேதியோடு போனது.

எலிகள் இன்னும் தெளிவாகச் சொல்லின. 1990-ல் டல்லாஸில் மனித பி27 மரபணுவை எலிகளுக்குள் வைத்தார்கள். குடல் அழற்சி, மூட்டு வீக்கம் எல்லாம் வந்தது. அதே வம்சத்து எலிகளைக் கிருமியே இல்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்தபோது குடலும் மூட்டும் நன்றாக இருந்தன. 1994-ல் வெளியான முடிவு அது. நானும் பல வருடம் இதைப் படித்துவிட்டு மறந்திருந்தேன், இப்போது எழுதும்போதுதான் மறுபடி ஆச்சரியமாக இருக்கிறது. மரபணு அங்கேயேதான் இருக்கிறது, ஒவ்வொரு செல்லும் அதே கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஏந்திக் காட்ட வேண்டிய சரக்குதான் வரவில்லை, அல்லது டி செல்லை உசுப்பிவிட ஆள் இல்லை.

சந்தேகசாமி · செவ்வாய், இரவு 10.58

ஆக வயிறுதான் காரணம். கேழ்வரகு என்றபோது சிரித்தீர்கள்.

நுண்ணோக்கி · செவ்வாய், இரவு 11.03

வயிறு என்று ஒப்புக்கொள்கிறேன். கேழ்வரகு என்று நான் சொல்லவில்லை!

லேப்காரன் · புதன், காலை 9.25

அண்ணன் தம்பி கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு என்று நினைக்கிறேன். பி27 மட்டும்தானே ஒன்று? மீதி மரபணுக்கள் சகோதரர்களுக்குள் பாதிக்குப் பாதிதானே பொருந்தும்?

நுண்ணோக்கி · புதன், காலை 11.40

அதேதான். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கும் மேல் தெரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் சுவாரசியம்.

ஈராப்1 என்று ஒரு நொதி. துணுக்குகளை எச்.எல்.ஏ. குழிக்குப் பொருந்தும் நீளத்துக்கு நறுக்கிவிடும் கத்தரிக்கோல். சிலருக்கு அந்தக் கத்தரி வேகமாக வெட்டும், சிலருக்கு மெதுவாக. 2011-ல் ஒரு பெரிய ஆய்வில் தெரிந்தது என்னவென்றால், இந்தக் கத்தரியின் வேகம் பி27 உள்ளவர்களுக்கு மட்டுமே நோய் வாய்ப்பை மாற்றுகிறது. கையும் கத்தரியும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. தம்பிக்கு ஒரு கத்தரி, உங்களுக்கு வேறு கத்தரி என்று இருக்கலாம்.

இன்னொன்று, செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஐ.எல்.23 என்ற தூதை ஏற்கும் வாங்கி. அந்தத் தூது கிடைத்தால் டி செல்களில் ஒரு வகை ஐ.எல்.17-ஐ அள்ளிக் கொட்டும், அழற்சி கிளம்பும். இந்த வாங்கியில் ஓர் அமினோ அமிலம் மாறிய அரிய வடிவம் ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவர்களுக்குக் குடல் அழற்சி, சொரியாசிஸ், முதுகெலும்பு அழற்சி மூன்றுமே குறைவு. செல்லின் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

ஆனால் இதே துறையில் எங்களைக் கன்னத்தில் அறைந்த சங்கதியும் உண்டு. மரபணு இவ்வளவு தெளிவாக ஐ.எல்.23 என்று கை காட்டியதே, அதைத் தடுக்கும் மருந்து முதுகெலும்பு நோய்க்குக் கைகொடுக்கும் என்று எல்லோரும் நம்பினோம். சோதனைகளில் தோற்றுப்போனது. ஒரு படி கீழே இருக்கும் ஐ.எல்.17-ஐத் தடுத்தால் கேட்கிறது. மரபணு காட்டிய திசை சரி, கதவு வேறு. இன்றுவரை மாநாடுகளில் இதற்காகக் காபி ஆறும்வரை சண்டை போடுகிறோம்.

வன்னிப்பறவை · புதன், மாலை 6.10

என் அக்காவின் நோய்க்கும் இப்படி ஒரு காது மந்தம், காது கூர்மை கதை இருக்கா?

நுண்ணோக்கி · புதன், இரவு 7.35

இருக்கிறது அக்கா, நேரெதிராக. டி.எல்.ஆர்.7 என்று ஒரு புரதம் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும். ஸ்பெயினில் ஒரு சிறுமிக்குச் சின்ன வயதிலேயே கடுமையான லூபஸ். அவளுடைய டி.எல்.ஆர்.7-ல் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே மாற்றத்தை எலியில் வைத்ததும் எலிக்கும் லூபஸ் வந்தது. 2022-ல் வெளிவந்தது. மூக்கு அளவுக்கு மீறிக் கூர்மையாகி, சொந்த ஆர்.என்.ஏ.வையே பகையென்று மோப்பம் பிடித்துவிட்டது.

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களிடம் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிக் கிடக்க வேண்டும், ஆனால் சில செல்களில் டி.எல்.ஆர்.7 மட்டும் அடங்காமல் இரண்டிலிருந்தும் பேசும். லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பார்க்கிறார்கள். உங்கள் அக்காவுக்கு அந்த ஸ்பெயின் சிறுமியின் மாற்றம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை, அது மிக அரிது. பெரும்பாலானவர்களுக்குப் பல சின்ன மாற்றங்கள் சேர்ந்துதான்.

பழையபாடம் · வியாழன், காலை 6.50

நீங்கள் எல்லோரும் மரபணு, மரபணு என்கிறீர்கள். ஒரு பழைய கதை நானும் சொல்கிறேன். 1968-ல் செங்கல்பட்டு வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்களிடம் சோதித்தார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. இங்கிலாந்தில் நன்றாக வேலை செய்த ஊசிதான். நம் ஆட்களின் ரத்தமே வேறு என்று அப்போது பேசினவர்கள் உண்டு. ஆனால் பெரிதாக முன்வைக்கப்பட்ட விளக்கம் மண்ணும் தண்ணீரும்தான்: அதில் இருக்கும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் சிறுவயதிலேயே நம் செல்களுக்குப் பாடம் நடத்திவிட்டன, ஊசி வந்து புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கு எவ்வளவு, பாடத்துக்குப் பங்கு எவ்வளவு? யாராவது அளந்திருக்கிறார்களா?

நுண்ணோக்கி · வியாழன், இரவு 8.20

அளந்திருக்கிறார்கள் ஐயா, இரட்டையரை வைத்து. 2015-ல் ஸ்டான்ஃபோர்டில் 105 ஜோடி இரட்டையரின் ரத்தத்தில் 204 விஷயங்களைப் பார்த்தார்கள்: எந்த செல் எத்தனை, எந்தத் தூதுக்கு எவ்வளவு துள்ளுகிறது, இப்படி. அவற்றில் 77 சதவீதத்தில் மரபணுவைவிடப் பரம்பரை அல்லாத காரணங்களே மேலோங்கி நின்றன. ஒருவருக்கு மட்டும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியிருந்த ஒரே உருவ இரட்டையர்களில், அந்த ஒரு வைரஸே பாதிக்கு மேற்பட்ட அளவுகளைக் கலைத்துப் போட்டிருந்தது. நம்மூரில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து, வந்ததே தெரியாமல் தங்கிவிடும் வைரஸ் அது.

சந்தேகசாமி · வியாழன், இரவு 8.31

77! என்னை இனி சந்தேகசாமி என்று கூப்பிடாதீர்கள், சத்தியசாமி.

நுண்ணோக்கி · வியாழன், இரவு 9.15

கொஞ்சம் பொறுங்கள். அதே வருடம் லண்டன் இரட்டையர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அவர்கள் செல்களை மிக நுணுக்கமான உட்பிரிவுகளாகப் பிரித்து எண்ணினார்கள். அப்படிப் பார்த்தால் பல பிரிவுகளின் அளவில் மரபணுவின் பிடி பலமாகவே இருந்தது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

எனக்கு நியாயமாகப் படுவது பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்வு. ஆரோக்கியமான ஆயிரம் பிரெஞ்சுக்காரர்கள், 2018. பிறவியிலேயே தயாராக இருக்கும் செல்கள், அதாவது மோனோசைட், நியூட்ரோஃபில், என்.கே. செல் போன்றவை, மரபணுவுக்கு அதிகம் கட்டுப்படுகின்றன. அனுபவத்தில் பழகும் டி, பி செல்களை வயதும் புகைப்பழக்கமும் பழைய தொற்றுகளும்தான் அதிகம் மாற்றுகின்றன. செங்கல்பட்டு விளக்கம் இந்த இரண்டாவது ரகம்.

அந்த 77-ஐ வைத்துக்கொண்டு மரபணுவை ஓரம்கட்டுபவர்களிடம் நான் ஃபாக்ஸ்பி3 பற்றிக் கேட்பேன். டி செல்களில் ஒரு வகை, மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் செல்கள். அந்தக் குணத்தைக் கொடுப்பது ஃபாக்ஸ்பி3 என்ற ஒரே மரபணு. அது கெட்டுப்போன ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி. இங்கே 77-ம் இல்லை, 23-ம் இல்லை. அந்தச் செல்களைக் கண்ட ஜப்பானின் சகாகுச்சிக்கும், மரபணுவைக் கண்ட பிரன்கோ, ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025 நோபல் கிடைத்தது. பரிசு அறிவித்த அன்று ராம்ஸ்டெல் மலையேறப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த நோபல் செய்தி அது.

காலைநடை · வியாழன், இரவு 10.02

படிக்கப் படிக்க ஒன்று புரிகிறது. இந்த பி27-ஐ ஏன் இயற்கை இத்தனை காலம் விட்டுவைத்தது? கெடுதல் மட்டும் செய்வதை வடிகட்டியிருக்கலாமே?

லேப்காரன் · வெள்ளி, காலை 9.10

இதற்கு எனக்குப் பதில் தெரியும்! எச்.ஐ.வி. மருந்து எடுக்காமலேயே வைரஸை நீண்ட காலம் அடக்கி வைத்திருக்கும் சிலரில் பி27-ம் பி57-ம் அதிகம். பி27 ஏந்திக் காட்டுகிற துணுக்கு வைரஸின் உள்ளுறைப் புரதத்தில் முக்கியமான இடத்திலிருந்து வருவது. அந்த இடத்தை மாற்றித் தப்பிக்கலாம் என்றால் வைரஸுக்கே கால் முறிகிறது. இது என் முதுகலைப் பாடத்தில் வந்தது, பரீட்சையில் பதினாறு மார்க்.

நுண்ணோக்கி · வெள்ளி, காலை 9.48

பதினாறுக்குப் பதினாறு. எச்.ஐ.வி. ரொம்பப் புதிய வைரஸ், அதற்காக பி27 வைத்துக் காக்கப்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் ஹெபடைட்டிஸ் சி வைரஸைத் தானாக விரட்டுவோரிலும் பி27 கூடுதல் என்று பார்த்திருக்கிறார்கள். வைரஸைப் பிடிக்கும் கை கொஞ்சம் கெட்டிக்காரக் கை என்பதுதான் ஊகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வழி விலகிப் போனாலும். நோயோடு தொடர்புள்ள மாற்றங்களில் பெரும்பாலானவை மரபணுவுக்குள்ளேயே இல்லை, வெளியே சுவிட்சுகளில் இருக்கின்றன. 21-ம் குரோமோசோமில் மரபணுவே இல்லாத ஒரு பொட்டல். குடல் அழற்சியும் இந்த முதுகெலும்பு நோயும் இரண்டுமே அந்த இடத்தோடு தொடர்பு என்று பல வருடமாகத் தெரியும், ஏன் என்று தெரியாது. 2024-ல் லண்டன் கிரிக் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள்: அது கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லில் மட்டும் வேலை செய்யும் தூரத்துச் சுவிட்ச். அது ஈ.டி.எஸ்.2 என்ற மரபணுவின் சத்தத்தை ஏற்றுகிறது. ஈ.டி.எஸ்.2-ஐ வெறுமனே கூட்டினாலே அமைதியாக இருந்த மேக்ரோஃபேஜ், நோயாளியின் குடலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் போல நடந்துகொள்ள ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் குறைக்க, புற்றுநோய்க்கு ஏற்கெனவே இருக்கும் ஒரு மருந்து வகை உதவலாம் என்றும் சொன்னார்கள். செல்லிலும், நோயாளிகளிடமிருந்து எடுத்த குடல் திசுவிலும் பார்த்தது அது. அவசரப்பட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம்.

காலைநடை · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு, அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். என்ற தூதைத் தடுக்கும் ஊசி ஆரம்பித்தாகிவிட்டது, நம் நாட்டிலேயே தயாராவதுதான். அதற்கு முன் காசநோய் உள்ளே உறங்குகிறதா என்று கையில் ஊசி குத்தி, மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். காசநோய்க் கிருமியைச் சுற்றி நம் செல்கள் கட்டியிருக்கும் சுவரைத் தாங்குவதே இந்த டி.என்.எஃப்.தானாம். அதைத் தடுத்தால் சுவர் இடியும், உறங்கும் கிருமி எழுந்துகொள்ளும். அழற்சிக்குக் காரணமும் அதுதான், காவலும் அதுதான். டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார், எனக்கு இந்த இழை முழுக்க ஞாபகம் வந்தது.

எனக்கு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. குனியச் சொன்னார், நெஞ்சை விரித்து மூச்சிழுக்கச் சொன்னார், போதும் என்றார். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு பிடித்து, படுத்தால் கூடி, நடந்தால் குறைந்தால் வரச் சொன்னார். ஒரு கண் மட்டும் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் அன்றே கண் டாக்டரிடம் ஓட வேண்டுமாம். மகளுக்குச் சோதனை வேண்டாம் என்றார். என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்க ஐம்பது ஐம்பது வாய்ப்பு. போயிருந்தாலும் இன்று செய்ய ஒன்றுமில்லை, வலி என்று சொன்னால் மட்டும் அலட்சியம் செய்யாதே என்றார்.

அப்புறம் அம்மா ஒரு பழைய போட்டோ எடுத்துக் காட்டினார். அம்மாவின் அப்பா. கல்யாண வீட்டில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவர் தரையைப் பார்க்கிறார். கூன் தாத்தா என்றுதான் ஊரில் பெயராம். விடிகாலை நாலு மணிக்குமேல் படுக்க முடியாமல் எழுந்து வயல் வரப்பில் நடப்பாராம். மூட்டை தூக்கியே கூன் விழுந்தது என்று குடும்பமே நம்பியிருக்கிறது. இடது கண் பார்வையும் போயிருக்கிறது. சூடு பட்டது என்றார்களாம்.

வன்னிப்பறவை · ஞாயிறு, பகல் 1.15

தரையைப் பார்க்கிறார் என்றதை வாசித்துவிட்டு ஆல்பம் எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறன். எங்கட வீட்டிலும் அப்படி ஒரு பெரியம்மா இருந்தவ, மூட்டு வீங்கி, முகத்தில் சிவப்பு. வெயில் ஒத்துக்கொள்ளாது என்று வெளியில் வராமலே இருந்தவ. அக்காவிடம் படத்தை அனுப்பியிருக்கிறன்.

லேப்காரன் · ஞாயிறு, மாலை 4.40

பாட்டன் காலத்தில் இந்தப் பெயரை யார் கேட்டார்கள் என்று ஒருவர் கேட்டார். பெயர் இருந்திருக்கிறது, கூன் என்று.

சந்தேகசாமி அண்ணே, முதல் நாளே உங்களுக்கும் காலையில் முதுகு பிடிக்கிறது என்று எழுதினீர்கள், நாங்கள் யாருமே அதைக் கேட்காமல் விட்டுவிட்டோம். எவ்வளவு நேரம் பிடிக்கிறது?

சந்தேகசாமி · ஞாயிறு, இரவு 11.20

ஒரு மணி நேரம் இருக்கும். நடந்தால் சரியாகிவிடும். எனக்கு 36 வயதுதான். ஏன் கேட்கிறீர்கள்?